கீபோர்டில் சத்தம் வரலையா? ஒரு கீ மட்டும் கத்துதா? சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

திருவிழா மேடையில் கச்சேரி தொடங்க அரை மணி நேரம்தான் இருக்கு. கீபோர்டு ஆன் ஆகுது, டிஸ்ப்ளேவில் எல்லாம் தெரியுது. ஆனால், சத்தம் மட்டும் வரலை! மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்கள், சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர்கள், வீட்டில் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் என எல்லோரும் ஏதாவது ஒரு நாள் சந்திக்கும் சிக்கல் இது.

கையில் தூக்கிச் செல்லும் கீபோர்டு, சிந்தசைசர்களில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்று வகைதான். ஒன்று, செட்டிங் மாறியிருக்கும். இரண்டு, ஹார்டுவேர் பழுது. மூன்று, உள்ளே இருக்கும் ஃபார்ம்வேர் சிக்கல். எது என்று தெரியாமல் அவசரத்தில் ரீசெட் போட்டால், பல மாதம் உட்கார்ந்து உருவாக்கிய டோன்கள் ஒரே நொடியில் போய்விடும். எனவே, வரிசையாகப் பார்ப்போம்.

ஆன் ஆகவே இல்லையா?

முதல் சந்தேகம் அடாப்டர் மீதுதான் வர வேண்டும். பின் பொருந்துகிறது என்பதற்காக எந்த அடாப்டரையும் சொருகக் கூடாது. யமஹாவின் சிறிய கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், பின்னின் நடுவில் பாசிட்டிவ். கேசியோவின் பழைய மாடல்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். இரண்டையும் மாற்றிச் சொருகினால் போர்டு பழுதாகலாம்.

கீபோர்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும், பிளஸ் மைனஸ் குறியும் அடாப்டரில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் மட்டும் கேட்ட அளவுக்குச் சமமாகவோ, அதிகமாகவோ இருக்கலாம். அடாப்டர் சரியாக இருந்தும், வயரை அசைத்தால் ஆன் ஆகி, விட்டால் அணைந்தால், அடாப்டர் வயர் உள்ளே அறுந்திருக்கலாம் அல்லது சொருகும் ஜாக்கில் சால்டர் விட்டிருக்கலாம்.

தானாகவே ஆஃப் ஆகுதா?

இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசையின் புதிய மாடல்களில், 30 நிமிடம் எதையும் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி இருக்கு. இடது ஓரத்தில் இருக்கும் கடைசி கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், அந்த வசதி நிறுத்தப்படும்.

பேட்டரியில் வாசிக்கும்போது, சத்தம் கூட்டினால் மட்டும் ஆஃப் ஆகிறது என்றால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். சாதாரண ஆல்கலைன் செல் ஒன்று 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான். ஆறு செல் போட்டால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2 வோல்ட்தான் கிடைக்கும். சில மாடல்களில் எந்த வகை பேட்டரி என்று மெனுவில் தேர்வு செய்ய வேண்டும். வாசிக்காத மாதங்களில் செல்களைக் கழற்றி வைப்பது கட்டாயம். கசிந்தால் ஸ்பிரிங்கையும் போர்டையும் அரித்துவிடும்.

ஆன் ஆகுது, ஆனால் சத்தம் வரலையா?

* ஹெட்ஃபோன் ஜாக்கில் ஏதாவது சொருகியிருக்கா? சொருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும். எதுவும் இல்லாமலே சத்தம் வரவில்லை என்றால், ஜாக்கை நாலைந்து முறை சொருகி எடுத்துப் பாருங்க. உள்ளே இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.
* டெமோ பாட்டு ஒலிக்குது, கீ அழுத்தினால் மட்டும் சத்தம் இல்லையா? மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' ஆஃப் ஆகியிருக்கலாம். கம்ப்யூட்டரோடு இணைத்து ரெக்கார்டிங் செய்தவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது.
* எக்ஸ்பிரஷன் பெடல் இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்க.

சஸ்டைன் பெடல் தலைகீழாக வேலை செய்தால் பயப்பட வேண்டாம். ஆன் செய்யும்போது கால் பெடல் மேல் இருந்திருக்கும். ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு மீண்டும் ஆன் செய்தால் போதும்.

ஒரு கீ மட்டும் கத்துதா?

மெதுவாக அழுத்தினாலும் ஒரு கீ மட்டும் முழு சத்தத்தில் ஒலிக்கும். அல்லது ஒலிக்கவே ஒலிக்காது. காரணம் பெரும்பாலும் தூசிதான்.

ஒவ்வொரு கீயின் கீழும் ரப்பர் பட்டை இருக்கு. அதில் கறுப்பு கார்பன் பூசிய இரண்டு புள்ளிகள் உண்டு. கீயை அழுத்தும்போது ஒன்று முதலில் தொடும், இன்னொன்று சற்றுத் தாமதமாகத் தொடும். இந்த இடைவெளியைக் கணக்கிட்டுத்தான், நீங்கள் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று கருவி புரிந்துகொள்கிறது. ஒரு புள்ளியில் அழுக்கு படிந்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

கழற்றத் தெரிந்தவர்கள், பஞ்சு இல்லாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, ரப்பரையும் போர்டையும் மெதுவாகத் துடைக்கலாம். அழுத்தித் தேய்த்தால் கார்பன் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

முக்கியமான ஒரு அடையாளம்: அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லாமல், 6 அல்லது 8 கீ இடைவெளியில் வரிசையாக ஒரே மாதிரி கீகள் வேலை செய்யவில்லை என்றால், அது தூசி இல்லை. ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது போர்டில் ஒரு இணைப்பு விட்டிருக்கலாம். துடைப்பதில் பலன் இருக்காது.

'பேட்டரி லோ' என்று காட்டுதா?

அடாப்டரில் ஓடும்போதே இப்படிக் காட்டினால் அலட்சியம் வேண்டாம். 1988ல் வந்த கோர்க் எம்1, அதன் பிறகு வந்த ரோலண்ட் எக்ஸ்பி-60, எக்ஸ்பி-80 போன்ற பழைய சிந்தசைசர்களில், நீங்கள் சேமித்த டோன்களைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பேட்டரிதான். அது முழுதாகத் தீர்ந்தால் டோன்களும் போச்சு.

எனவே, முதலில் பேக்கப். பிளாப்பி, மெமரி கார்டு, அல்லது மிடி வழியாகக் கம்ப்யூட்டர் என எதில் முடியுமோ அதில் எடுத்த பிறகுதான் பேட்டரியை மாற்ற வேண்டும். சில மாடல்களில் அது போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்க.

ரீசெட் போடலாமா?

டிஸ்ப்ளே உறைந்து நின்றால், முதலில் ஆஃப் செய்து, அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, சில நிமிடம் கழித்து ஆன் செய்யுங்க. யுஎஸ்பி கேபிள், பென்டிரைவ் எதுவும் சொருகியிருக்கக் கூடாது. அதற்கும் சரியாகாவிட்டால்தான் ரீசெட்.

யமஹா பிஎஸ்ஆர்-இ மாடல்கள் பலவற்றில், வலது ஓரத்தின் கடைசி வெள்ளை கீயை அழுத்தியபடி ஆன் செய்தால் சேமித்த செட்டிங்குகள் அழியும். அதோடு வலது ஓரத்தின் மூன்று கறுப்பு கீகளையும் சேர்த்து அழுத்தினால், உள்ளே ஏற்றிய பாடல் கோப்புகளும் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபார்ம்வேர் அப்டேட்: எங்கே தவறு நடக்குது?

அப்டேட் செய்தால் தூசி போகாது, அறுந்த வயர் ஒட்டாது. நிறுவனத்தின் தளத்தில் உள்ள பதிப்புக் குறிப்பில் உங்கள் சிக்கல் இருந்தால் மட்டும் செய்யுங்க.

* மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு கருவி.
* ஜிப் கோப்பைப் பிரித்த பிறகே பென்டிரைவில் போட வேண்டும். ஃபோல்டருக்குள் வைக்காமல் நேரடியாக வைக்கச் சொன்னால் அப்படியே வையுங்க.
* நடுவில் கரண்ட் போனால் கருவி ஆன் ஆகாமலே போகலாம். மின்தடை அடிக்கடி வரும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸில் சொருகிச் செய்வது நல்லது.
* கோர்க் வோல்கா போன்ற குட்டி சிந்தசைசர்களில் அப்டேட்டே ஒரு ஆடியோ கோப்புதான். அதை போனில் ஒலிக்கவிட்டுக் கேபிள் வழியாக அனுப்ப வேண்டும். போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால், நடுவில் வரும் ஒரு மெசேஜ் சத்தமே அப்டேட்டைக் கெடுத்துவிடும்.
* கச்சேரி நாளில் அப்டேட் வேண்டவே வேண்டாம்.

எப்போது டெக்னீஷியனிடம் போகணும்?

கருகிய வாசனை, தண்ணீர் உள்ளே போனது, தவறான அடாப்டர் சொருகியது, வரிசையாகக் கீகள் செத்துப்போனது ஆகிய நான்கிலும் நீங்களே முயற்சி செய்யாதீங்க. மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பதும் சேதத்தைக் கூட்டும்.

கொடுக்கும் முன் பேக்கப் எடுங்க. ஆன் ஆகும் நிலையில் இருந்தால், கோளாறு நடப்பதை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்க. கடையில் வைக்கும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் கோளாறுகள்தான் கண்டுபிடிக்க அதிக நாள் பிடிப்பவை!