அழிக்கத் தெரிந்த ஆறு

சூரமங்கலத்துக்கு ரயில் வந்த பிறகுதான் சேலம் தன் ஆற்றுக்கு முதுகைக் காட்டியது என்றால் கொஞ்சம் மிகைதான். முழுப் பொய் அல்ல. பழைய சேலம் திருமணிமுத்தாற்றை ஒட்டி எழுந்த ஊர். கோட்டை மாரியம்மன் அதன் கரையில்தான் இருக்கிறாள். 1860-களின் தொடக்கத்தில் மதராஸ் ரயில்வேயின் பாதை வந்தபோது நிலையம் ஊருக்கு மேற்கே சூரமங்கலத்தில் அமைந்தது. ஊரின் தலைவாசல் அந்தப் பக்கம் போனது. சேர்வராயன் மலையடியில் புறப்பட்டு நாமக்கல் சமவெளி வழியே காவிரியில் சேரும் ஆறு கொல்லைப்புறமாயிற்று. கொல்லையில் கொட்டுவதை அதில் கொட்டினோம்: சாயத் தண்ணீர், சாக்கடை. 2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதில் தமிழகத்தின் 6 ஆறுகளில் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி என மூன்று சேலத்தைச் சேர்ந்தவை.

இப்படி நாறும் நகரத்து ஆற்றங்கரையில் சில வாரங்களுக்குக் கலைப்படைப்புகளை நிறுத்தி மக்களை வரவழைப்பது ஐரோப்பாவில் கண்ட வழி. ஜெர்மனியின் ரூர் பகுதியில், சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆற்றை மீட்கும் வேலையோடு சேர்த்து 2010 முதல் அப்படிச் செய்தார்கள். கூவத்தின் கரையிலும் அதைச் செய்யச் சென்னை கெத்தே நிறுவனம் திட்டமிட்டது. ஆற்றங்கரைக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் படைப்புகள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குள் வைக்கப்பட்டன. ஆற்றைப் பற்றிய கலை ஆற்றைப் பார்க்காமலேயே முடிந்தது. இதைக் கலைஞர்களின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. தற்காலிகக் கலைக்கு அடிப்படைத் தேவை அழிப்பதற்கு ஓர் ஆள் என்பதே என் வாதம். நம் ஊரில் அந்த ஆள் ஆறு. அது வேலையை விட்டு நின்றதும் கலைக்குக் கரையில் இடமில்லாமல் போனது.

கரூர் மாரியம்மன் கோவிலின் வைகாசித் திருவிழாவைப் பாருங்கள். மூன்று கிளையுள்ள ஒரு மரத்தை வெட்டி வந்து சீவி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கம்பம் என்று நடுகிறார்கள். அம்மனின் கணவனாகவே அது எண்ணப்படுகிறது. நாள்தோறும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடைசியில் பிடுங்கி, ஊரே பின்னால் வர, அமராவதி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். சிலை என்றால் கோவிலுக்குள் நிலைத்திருக்கும். கம்பம் போவதற்காகவே வந்தது, போகும் நாளில்தான் கூட்டம் உச்சம். காவிரிக்கரை ஊர்களில் ஆடி 18-க்கு வளர்க்கும் முளைப்பாரிக்கும் இதே கதிதான். இவற்றின் அழகில் பாதி தண்ணீரின் வேலை. 2016-ல் ரோம் நகரில் கலைஞர் வில்லியம் கென்ட்ரிஜ் டைபர் ஆற்றின் கரைச்சுவரில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்கு உருவங்கள் வரைந்தார். வரைந்தார் என்பதைவிட, சுவரின் அழுக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி எடுத்தார் என்பதே சரி. அழுக்கு மறுபடி படியப் படிய உருவம் மறையும். அங்கேயும் அழிப்பவரைத் தேடிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள்.

அழிக்கும் ஆள் போனால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளையார் காட்டிவிட்டார். களிமண் பிள்ளையார் ஓடும் தண்ணீரில் கரைவார். பாரிஸ் சாந்துப் பிள்ளையார் வற்றிய ஆற்றில் கையும் தும்பிக்கையுமாகக் கிடப்பார். 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தச் சாந்தில் செய்த சிலைகளுக்குத் தடை விதித்தது. பொருளைத் தடுக்க முடிந்தது; தண்ணீரை வரவைப்பது வாரியத்தின் கையில் இல்லை. இதற்கு மறுபக்கம் சேலத்தின் வண்டி வேடிக்கை. ஆடித் திருவிழாவில் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் ஆட்கள் கடவுள் வேடமிட்டு, ஜோடித்த வண்டிகளில் புராணக் காட்சியாக நின்று வருவார்கள். மாட்டுவண்டி போய் லாரி வந்தாலும் வேடிக்கை ஓயவில்லை. காரணம் எளிது: அதற்கு ஆறு தேவையில்லை. விடிந்தால் சிவபெருமான் குழாயடியில் முகம் கழுவிவிடுவார்.

இவையெல்லாம் வழிபாடு, கலை என்று எப்படிச் சொல்வது என்பார்கள். கம்பம் நடுபவர் அதைக் கலை என்று சொல்லமாட்டார், உண்மை. ஆனால் நான் ஒப்பிடுவது நோக்கத்தை அல்ல, ஊர் கூடும் முறையை. எத்தனை நாள் நிற்பது, யார் பார்ப்பது, எங்கே முடிவது என்பதை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: முதலில் சாக்கடையை நிறுத்து, பிறகு சோடனை செய். மலத்தின் மேல் மலர் தூவுவதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் ‘முதலில் இது, பிறகு அது’ என்ற வரிசைக்குச் சேலம் மாவட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. குறுவைக்குத் தண்ணீர் திறக்க வழியில்லாத ஆண்டுகளிலும் ஆடிப்பெருக்குக்காக மேட்டூர் அணையைத் திறந்திருக்கிறார்கள். சில மணி நேரம் கரையில் நின்று முளைப்பாரி விடும் பெண்களுக்காக 1934-ல் கட்டி முடித்த அணையின் மதகு உயர்ந்தது. பாசனக் கணக்கில் அது வீண் என்று வாதிடலாம், வாதிட்டும் இருக்கிறார்கள். இந்த நாளில் ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்த வழக்கத்துக்கு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். திருமணிமுத்தாற்றிடம் அப்படி ஒரு நாளைக் கேட்பவர் எவருமில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மனைப் பார்க்க வரிசையில் நிற்பவர்களுக்கு ஆறு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அதைக் கடக்கிறார்கள்.