ஓசியில் கொடுத்த பாடம்

எம்.ஐ.டி. என்றதும் நம்ம ஆட்களுக்குக் குரோம்பேட்டைதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த எம்.ஐ.டி. இல்லை. அமெரிக்காவில், பாஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிறதே, அது.

1999. இன்டர்நெட் என்று சொன்னாலே பணம் கொட்டிய காலம். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களே இணையத்தில் கடை விரிக்கக் கிளம்பின. கொலம்பியா பல்கலைக்கழகம், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற ஜாம்பவான்களைச் சேர்த்துக்கொண்டு, 2000-ல் ‘ஃபேதம்’ என்று லாப நோக்குக் கம்பெனியே ஆரம்பித்தது. எம்.ஐ.டி. மட்டும் சும்மா இருக்குமா? என்ன செய்யலாம் என்று யோசிக்கப் பேராசிரியர்களை வைத்து ஒரு குழு போட்டார்கள்.

குழுவும் வியாபாரக் கணக்குதான் போட்டது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் லாபம் தேறவில்லை. கடைசியில் ஒரு யோசனை சொன்னார்கள் பாருங்கள்... பாடக் குறிப்பு, வீட்டுப்பாடம், பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடலாம்!

பி.காம். படித்த என்னைக் கேட்டிருந்தால், ‘சரக்கை ஓசியில் கொடுத்துட்டு எதை விப்பீங்க?’ என்றுதான் கேட்டிருப்பேன்.

தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் அப்படிக் கேட்கவில்லை. அடிப்படையில் மெக்கானிக்கல் இன்ஜினீயர்; 1990-லிருந்து அந்த நாற்காலியில் இருந்தவர். யோசனையை ஏற்றுக்கொண்டு, 2001 ஏப்ரலில் உலகத்துக்கே அறிவித்தார். பத்து வருடத்தில் பத்து கோடி டாலர் வரை செலவாகலாம் என்று மதிப்பீடு. முதல் கட்டத்துக்கு மெலன், ஹ்யூலெட் என்ற இரண்டு அறக்கட்டளைகள் கைகொடுத்தன.

சாமர்த்தியம் எங்கே இருந்தது தெரியுமா? எந்தப் பேராசிரியரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். பாடம் இலவசம், ஆனால் பட்டம் கிடையாது. ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற பாக்கியமும் கிடையாது. ஆக, உண்மையான சரக்கு காகிதத்தில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது என்று வெஸ்டுக்குத் தெரிந்திருந்தது.

2002 செப்டம்பரில் முதல் பாடங்கள் இணையத்தில் ஏறின. 2003-ல் ஃபேதம் கடையை மூடியது. அதே 2003-ல் நம்ம ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. அதிலும் பாடம் இலவசம். 2007-க்குள் எம்.ஐ.டி. 1,800 பாடங்களைக் கொடுத்துவிட்டது. அதற்குள் வெஸ்ட் பதவியை விட்டு இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

இலவசமாகக் கொடுத்ததால் எம்.ஐ.டி. வாசலில் கூட்டம் குறைந்ததா? இல்லை. புது மெஷின் வந்து நிற்கும்போது ‘இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம்?’ என்பது கடைக்காரர் கேள்வி. ‘நம்மிடம் விற்கவே முடியாதது எது?’ என்று கேட்பவர்தான் தலைவர்.