நாற்காலி சொன்ன நோய்

"டென்ஷன் ஆகாதே, ஹார்ட் அட்டாக் வந்துடும்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம். ஓடி ஓடிச் சம்பாதிப்பவருக்குத்தான் நெஞ்சு வலி வரும், பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் பிரஷர் ஏறும் என்பதும் பலருடைய நம்பிக்கை. இது பழைய நம்பிக்கைதான். வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1910லேயே, நெஞ்சு வலியோடு தன்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசையும் வேகமும் மிகுந்த மனிதர்கள் என்று பேசியிருக்கிறார். ஆனால் அதற்கு விஞ்ஞான முத்திரை விழுந்தது 1950களில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில். அந்த முத்திரையின் கதை கொஞ்சம் சுவாரசியமானது, கொஞ்சம் சங்கடமானதும் கூட.

மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் இருவரும் அந்த நகரில் சேர்ந்து தொழில் செய்த இதய மருத்துவர்கள். அவர்களுடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையின் நாற்காலிகள் சீக்கிரம் சீக்கிரம் கிழிந்துகொண்டிருந்தன. உறை மாற்ற வந்த தொழிலாளி ஒரு விஷயத்தைக் கவனித்தார். நாற்காலிகள் முதுகுப் பக்கம் தேயவில்லை. உட்காரும் பலகையின் முன்விளிம்பு மட்டும்தான் தேய்ந்திருந்தது. அதாவது அங்கே வருகிறவர்கள் யாரும் சாய்ந்து உட்காரவே இல்லை. எப்போது பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நுனியில் உட்கார்ந்தே நாற்காலியைத் தேய்த்திருக்கிறார்கள்! வேடிக்கை என்னவென்றால், இதைக் காதில் வாங்க ஃபிரீட்மனுக்கு நேரமில்லை. அவரும் அவசரக்காரர்தான். சில வருடங்கள் கழித்துத்தான் அந்தத் தொழிலாளி சொன்னது அவருக்கு உறைத்தது.

பிறகு அவர்கள் செய்த ஒரு ஆய்வு மிக எளிமையானது. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 15. அதற்கு முந்தைய வாரங்களில் கணக்காளர்களுக்குத் தூக்கமே இருக்காது. 40 கணக்காளர்களுக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கெடு நெருங்க நெருங்க ரத்தத்தில் கொழுப்பு ஏறியது, ரத்தம் உறையும் வேகமும் கூடியது. மே, ஜூனில் இரண்டும் இறங்கின. அவர்கள் சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 1958ல் வெளியான இந்த முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கொழுப்புக்குக் காரணம் முட்டையும் வெண்ணெயும்தான் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த வருடமே இருவரும் மனிதர்களை வகை பிரித்தார்கள். எப்போதும் கடிகாரத்தைப் பார்ப்பது, இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வது, எதிராளி பேசி முடிக்கும் முன் அவர் வாக்கியத்தைத் தானே முடித்து வைப்பது, எல்லாவற்றிலும் போட்டி, உள்ளுக்குள் ஓயாத எரிச்சல். இதெல்லாம் உள்ளவர்கள் 'ஏ' வகை. நிதானமானவர்கள் 'பி' வகை. (முதலில் 'உணர்ச்சி சார்ந்த அழுத்தம்' என்று பெயர் வைத்து அரசிடம் நிதி கேட்டபோது கிடைக்கவில்லை என்றும், மனநல மருத்துவர்கள் முகம் சுளிக்காத ஒரு மொட்டைப் பெயர் தேவைப்பட்டதால்தான் 'ஏ வகை' வந்தது என்றும் ஃபிரீட்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.)

வகை பிரிக்கும் முறையிலும் ஒரு தந்திரம் இருந்தது. கேள்வி கேட்பவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசுவார். பதில் என்ன என்பதை விட, எதிரே இருப்பவர் எத்தனை முறை குறுக்கிடுகிறார், எப்படித் தாடையை இறுக்குகிறார் என்பதைத்தான் குறித்துக்கொள்வார்கள்.

1960ல் பெரிய ஆய்வு தொடங்கியது. கலிபோர்னியாவில் வேலை பார்த்த, 39 முதல் 59 வயதுள்ள 3154 ஆண்கள். எட்டரை வருடம் பின்தொடர்ந்ததில் 257 பேருக்கு இதய நோய் வந்தது. அதில் 178 பேர் ஏ வகை, 79 பேர் பி வகை. இரு வகையிலும் ஆட்கள் ஏறக்குறைய சம அளவில் இருந்ததால், ஏ வகைக்கு ஆபத்து இரண்டு மடங்கு என்று ஆனது. 1974ல் இருவரும் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. 'ஏ டைப் ஆள்' என்பது ஆங்கிலத்தில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. அதில் ஒரு ரகசியப் பெருமையும் ஒட்டிக்கொண்டது. "நான் ஏ டைப்" என்று சொல்லும்போது நோயாளி என்று சொல்வதாக யாரும் நினைக்கவில்லை. சாதிக்கப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்வதாகத்தான் நினைத்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1980களில் வேறு பெரிய ஆய்வுகள் இதே தொடர்பைத் தேடின, கிடைக்கவில்லை. 1988ல் வந்த ஒரு கட்டுரை இன்னும் பெரிய அடி. முதல் ஆய்வில் நோய் வந்த அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, மாரடைப்புக்குப் பிறகு அதிக நாள் உயிரோடு இருந்தது பி வகை இல்லை, ஏ வகை! ஆசைப்படுவதோ வேகமாக வேலை செய்வதோ குற்றமில்லை, அந்த மூட்டையில் இருக்கும் கோபமும் பகை உணர்ச்சியும்தான் இதயத்தைக் கெடுக்கின்றன என்று சில ஆய்வாளர்கள் வாதாடத் தொடங்கினார்கள்.

புகையிலை விவகாரம் தனி. அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் 1990களின் வழக்குகளுக்குப் பின் பொதுவெளிக்கு வந்தன. அவற்றைப் படித்த லண்டன் ஆய்வாளர்கள் 2012ல் எழுதியது இது: ஏ வகை ஆராய்ச்சிக்குப் பிலிப் மோரிஸ் கம்பெனி பல வருடம் பணம் கொடுத்திருக்கிறது. காரணம் புரியாததல்ல. மாரடைப்புக்குக் காரணம் உன் சுபாவம் என்று ஆகிவிட்டால், விரலிடுக்கில் இருக்கும் சிகரெட் தப்பித்துவிடுமே. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லையே மருத்துவத்தில் பரப்பிய ஹான்ஸ் செலியேவும் புகையிலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியவர்தான். பணம் வாங்கியதாலேயே அவர்கள் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கேள்விக்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்பதைப் பார்க்காமல் விடவும் முடியாது.

அதே காலத்தில் லண்டனில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. 1967ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு பிரிட்டிஷ் அரசு ஊழியர்களான 17,530 ஆண்களை எடுத்துக்கொண்டது. உச்சியில் முடிவெடுக்கும் நிர்வாக அதிகாரிகள், அடியில் கோப்பு தூக்கும் கடைநிலை ஊழியர்கள், நம்மூர் பியூன் மாதிரி. பெரிய பதவி, பெரிய டென்ஷன், அதனால் பெரிய நோய் என்பதுதானே நம்பிக்கை? ஏழரை வருடக் கணக்கு வேறு சொன்னது. இதய நோயால் இறக்கும் விகிதம் அதிகாரிகளை விடக் கடைநிலை ஊழியர்களிடம் 3.6 மடங்கு இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளர் பெண்களையும் சேர்த்து 1985ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலையைக் காரணங்களில் முக்கியமானதாகக் காட்டியது.

இப்போது அந்த 40 கணக்காளர்களைத் திரும்பப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அவர்கள் ரத்தத்தைக் கெட்டியாக்கியது அவர்களுடைய சுபாவமா, அல்லது தள்ளிப்போட அவர்களுக்கு அதிகாரமே இல்லாத ஒரு தேதியா? 1958ல் இரண்டாவது கேள்வி கேட்கப்படவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஃபிரீட்மனை ஒரேயடியாக ஒதுக்க முடியவில்லை. மாரடைப்பு வந்து பிழைத்த 862 பேரை வைத்து அவர் நடத்திய சிகிச்சைச் சோதனை 1986ல் வெளிவந்தது. சிலருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மற்றவர்களுக்குக் கூடவே அவசரத்தையும் கோபத்தையும் குறைக்கப் பயிற்சி. கடையில் நீளமான வரிசையாகப் பார்த்து நில், கைக்கடிகாரத்தைக் கழற்றி வை, மெதுவாகச் சாப்பிடு என்பது மாதிரி, கேட்கச் சிரிப்பு வரும் வீட்டுப்பாடங்கள். நாலரை வருடத்தில் மீண்டும் இதயத் தாக்குதல் வந்தது முதல் குழுவில் 21.2 சதவீதம் பேருக்கு, பயிற்சி பெற்றவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு.

வீட்டுப்பாடத்தை அவர் தனக்கும் கொடுத்துக்கொண்டார். நாற்பதுகளின் நடுவில் நெஞ்சு வலி, பத்து வருடம் கழித்து மாரடைப்பு என்று அவரும் அடிபட்டவர். நிதானம் பழகுவதற்காகப் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்டின் ஏழு பாக நாவலை மூன்று முறை முழுதாகப் படித்தார். கதை எங்கும் அவசரப்பட்டு நகராத புத்தகம் அது. ஃபிரீட்மன் 2001 ஏப்ரலில், 90 வயதில் இறந்தார்.