பிரான்டோசாரஸ்: ஒரு பெயரின் வழக்கு

பிரான்டோசாரஸ் என்ற கிரேக்கக் கூட்டுச்சொல்லுக்கு ‘இடிப்பல்லி’ என்று பொருள். 1879இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆத்னியல் சார்லஸ் மார்ஷ் சூட்டிய இந்தப் பெயர், நீண்ட கழுத்துள்ள டைனோசர் எதற்கும் ஆங்கிலத்தில் பொதுப்பெயர் போலவே ஆகிவிட்டது. உடல் பெருத்து, அசைய மாட்டாமல், காலம் கடந்து நிற்கும் எதையும் கேலி செய்யவும் உதவுகிறது. இதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: அறிவியலாளர்கள் 1903இல் பெயரைப் பறித்தார்கள், மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை, 2015இல் அறிவியல் பணிந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பெயர் போனதற்கும் அது பிழைத்ததற்கும் திரும்பியதற்கும் இருந்த காரணங்கள் வேறு வேறு. மக்களின் விருப்பம் அவற்றுள் ஒன்றைத்தான் விளக்கும், அதுவும் பாதிதான்.

முதல் காரணம் அவசரம். மார்ஷும் எட்வர்ட் டிரிங்கர் கோப்பும் அமெரிக்க மேற்கில் போட்டி போட்டுப் புதைபடிவம் தோண்டிய காலம் அது; எலும்பு கிடைத்த கையோடு பெயரும் அச்சேறிவிடும். கொலராடோவில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டுக்கு 1877இல் அபாடோசாரஸ் என்று பெயரிட்ட மார்ஷ், வயோமிங்கின் கோமோ பிளஃப்பில் கிடைத்த பெரிய எலும்புக்கூட்டை இரண்டே ஆண்டில் பிரான்டோசாரஸ் ஆக்கினார். முந்திய பெயருக்கே உரிமை என்ற விதி அவருக்குப் புதிதல்ல. அதே 1877இல் அவர் வேறொரு விலங்குக்கு வைத்த டைட்டனோசாரஸ் என்ற பெயரை, ஜபல்பூர் எலும்புகளுக்கு ரிச்சர்ட் லிடெக்கர் முன்பே வைத்துவிட்டதால், மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1903இல் சிகாகோவின் எல்மர் ரிக்ஸ் எலும்புகளை ஒப்பிட்டார். அபாடோசாரஸின் இடுப்புப் பகுதியில் இணைந்த முதுகெலும்புகள் குறைவாக இருந்ததற்குக் காரணம் அது வளர்ந்து முடியாத இளம் விலங்கு என்பதே என்றும், இரண்டும் ஒரே பேரினம் என்றும் முடிவு செய்தார். பிறகு விதி தானாகவே வேலை செய்தது: 1877 நின்றது, 1879 விழுந்தது. மாற்றான் தலையைப் பொருத்தியதால்தான் பெயர் செல்லாமல் போனது என்று பலரும் சொல்வது குழப்பம். தலையில்லாமல் கிடைத்த உடலுக்கு மார்ஷ் வேறிடத்துத் தலையைக் கொடுத்தது உண்மைதான். பிட்ஸ்பர்க் அருங்காட்சியகம் தன் எலும்புக்கூட்டின் தவறான தலையை 1979இல்தான் மாற்றியது. ஆனால் அது உடற்கூற்றுப் பிழை. பெயரின் கதிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விழுந்த பெயர் எப்படிப் பிழைத்தது? ரிக்ஸின் கட்டுரை வந்த இரண்டாவது ஆண்டில், 1905இல், நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பிரம்மாண்டமான எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தி, அதற்குப் பிரான்டோசாரஸ் என்றே பலகை வைத்தது. ரிக்ஸின் கட்டுரையைப் படித்தவர்களைவிட அந்தக் கூடத்துக்கு வந்தவர்கள் பல மடங்கு அதிகம். சினிமாவும், 1930களில் இந்த உருவத்தைச் சின்னமாக்கிக்கொண்ட சின்கிளேர் எண்ணெய் நிறுவனமும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. ஆக, மக்கள் அடம்பிடித்ததாகச் சொல்வது அவர்களுக்குத் தேவையில்லாத பழி, தேவையில்லாத பெருமையும்கூட. பெரிய அருங்காட்சியகம் ஒன்று எழுதி வைத்ததைத்தான் அவர்கள் படித்தார்கள்.

ஊரெல்லாம் அறிந்த பெயருக்கு விதி வளைந்துகொடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். டைரனோசாரஸைவிட மூத்ததாகக் கோப் 1892இல் வைத்த மனோஸ்பான்டிலஸ் என்ற பெயர் இருந்தும், பிந்திய பெயர்தானே நிலைத்தது? நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய விதி அப்படிக் காப்பது, 1899க்குப் பிறகு மூத்த பெயரை யாரும் செல்லுபடியான பெயராகக் கையாளாமல் இருந்தால்தான். ரிக்ஸுக்குப் பிறகு அபாடோசாரஸ் ஆய்வேடுகளில் தொடர்ந்து புழங்கியது. அதை மறக்கப்பட்ட பெயர் என்று தள்ள முடியாது. பேச்சு வழக்குக்கு வேறு நீதி உண்டு. 1989இல் அமெரிக்க அஞ்சல் துறை பிரான்டோசாரஸ் என்று அச்சிட்டுத் தபால்தலை வெளியிட்டபோது கண்டனம் எழுந்தது. தொல்லுயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் அஞ்சல் துறையின் பக்கம் நின்றார். அவர் செய்தது சரி என்றே தோன்றுகிறது, தபால்தலை ஆய்வேடு அல்ல. (டைனோசரே அல்லாத டெரனோடானும் அந்த வரிசையில் இருந்தது, கண்டிக்க அதுவே பொருத்தமான இடம்.)

2015இல் பெயரைத் திருப்பித் தந்ததும் ரசிகர்களின் அன்பு அல்ல. இமானுவேல் சோப்பும் இரண்டு சக ஆய்வாளர்களும் இந்தக் குடும்பத்து விலங்குகளின் 477 உடற்கூற்றுப் பண்புகளை ஒப்பிட்டு, இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாகக் கொள்ளும் அளவுக்கு வேறுபாடு இருப்பதாகக் கண்டார்கள். அபாடோசாரஸின் கழுத்து இன்னும் அகன்று தடித்தது என்பது அவற்றுள் ஒன்று. எவ்வளவு வேறுபட்டால் தனிப் பேரினம் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு என்பதால், எல்லோரும் இதை ஏற்கவில்லை. அடுத்த ஆய்வு இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினால், அபாடோசாரஸ் என்பதே நிற்கும். அப்போதும் தீர்ப்பது 1877க்கும் 1879க்கும் இடையிலுள்ள அந்த இரண்டு ஆண்டுதான்.