கம்பி கட்டுற கதை: காற்றில் உட்கார்ந்தவர்களின் வரலாறு

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. காவி உடுத்திய ஒருவர், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வலது கை ஒரு தடியைப் பிடித்திருக்கிறது. கீழே ஒரு கம்பளம். வேறு எதுவும் இல்லை. "யோகியின் சக்தி, பத்து பேருக்கு அனுப்புங்கள்" என்று அடியில் வாசகம். பெரியம்மா எனக்குத் தனியாகப் போன் போட்டு, "ஏன்டா, இது நிஜமா? நீதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லு" என்றார்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் தோண்ட ஆரம்பித்தால் விஷயம் சென்னையில், அதுவும் கிட்டத்தட்ட 190 வருஷத்துக்கு முன்னால் போய் நின்றது. அதனால் இந்தப் பதிவு.

நம்ப முடியாததை ஒருத்தர் அளந்துவிட்டால் "கம்பி கட்டுற கதையெல்லாம் சொல்றான்" என்போம் இல்லையா? இந்தக் கதையில் நிஜமாகவே ஒரு கம்பி இருக்கிறது.

மதராஸ், 1830கள்

லண்டனில் 1832ல் தொடங்கப்பட்ட 'சாட்டர்டே மேகஸின்' என்ற வாரப் பத்திரிகை, மதராஸில் காற்றில் உட்கார்ந்து காட்டிய ஒருவரின் படத்தை அச்சிட்டது. அவர் பெயரை ஆங்கிலத்தில் 'ஷேஷால்' என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் ஒன்றை ஆங்கிலக் காது கேட்டு எழுதினால் அப்படித்தான் வரும். 'காற்றில் அமர்ந்த பிராமணர்' என்பது அங்கே அவருக்குக் கிடைத்த பட்டம்.

அன்றைய வர்ணனைகளைச் சேர்த்துப் பார்த்தால் காட்சி இதுதான். அவரிடம் ஒரு சின்னப் பை. அதிலிருந்து ஒரு பலகையை எடுத்து, நான்கு கால்களைச் செருகி, நீளமான ஒரு முக்காலி மாதிரி செய்கிறார் (கால் நான்குதான், வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை). பலகையில் ஒரு பித்தளைக் குழி. அதில் ஓட்டையான ஒரு மூங்கிலை நட்டு நிறுத்துகிறார். மூங்கிலின் தலையில் ஊன்றுகோல் மாதிரி ஒரு குறுக்குக் கட்டை, அதன்மேல் சுற்றிய தோல். இவ்வளவும் பார்க்க வந்தவர்களிடம் முன்னாடியே காட்டப்படும். பிறகு வீட்டு வேலைக்காரர்கள் ஒரு போர்வையை அவருக்கு முன்னால் விரித்துப் பிடிப்பார்கள். போர்வை விலகும்போது அவர் தரையிலிருந்து நாலடி உயரத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு கை மட்டும் அந்தக் கட்டையை லேசாகத் தொட்டபடி ஜபமாலை உருட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு கை மேலே தூக்கியிருக்கும். இறங்கும்போதும் அதே போர்வை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, போர்வை. காற்றில் மிதக்கத் தெரிந்தவருக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் மறைப்பு எதற்கு? இரண்டு, மாலை உருட்டும் விரல்கள். அந்த விரல் அசைவு ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. பாரம் தாங்கும் கை இறுக்கமாக இருக்கும் என்றுதான் நம் மூளை எதிர்பார்க்கிறது. விரல்கள் சும்மா உருட்டிக்கொண்டிருந்தால், இந்தக் கையில் பாரமே இல்லை என்று நாமே முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

அந்த முடிவு ஒருவகையில் உண்மைதான். கை எதையும் தாங்கவில்லை.

கம்பி எங்கே போகிறது?

இந்த ரகசியம் நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது, அதனால் யார் பிழைப்பிலும் மண் போடாமல் சொல்லலாம். மூங்கில் ஓட்டையானது, அதற்குள் ஒரு இரும்புக் கம்பி. அது கட்டையின் உள்ளே திரும்பி, தோலுக்குள் மறைந்து, அவருடைய சட்டைக் கைக்குள் நுழைந்து, உடம்போரமாக இறங்கி, உடைக்குள் ஒரு சின்ன இருக்கையாக முடிகிறது. மனிதர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி அவர் துணிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழாதா? ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆள் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் உடம்பின் மையம் மூங்கிலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மூங்கிலின் அடியில் அது கொடுக்கும் திருகல், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். வெறும் மூங்கில் இதைத் தாங்காது, உள்ளே இரும்பு வேண்டும். குழியும் ஆழமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். பலகை அவர் பக்கமாக நீண்டிருந்தால், அவருடைய எடை நான்கு கால்களுக்கு நடுவில் விழும், கவிழாது. பத்திரிகைக்காரர் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன அந்த 'நீளமான' என்ற சொல்லில்தான் பாதி ரகசியம்.

வாட்ஸ்அப் காணொளியில் பலகைக்குப் பதில் ஒரு இரும்புத் தகடு. அதை மறைக்கத்தான் கம்பளம். ஐரோப்பிய நகரங்களின் சுற்றுலாத் தெருக்களில் இன்று சிலை மாதிரி மிதந்தபடி காசு வாங்குகிறவர்களும் செய்வது இதையேதான்.

பாரிஸ், 1847

அடுத்த காட்சி ஃபிரான்ஸ். ழான் யூஜின் ராபேர் ஊதேன், ப்ளுவா என்ற ஊரில் 1805ல் பிறந்தவர். தொழில் கடிகாரம் செய்வது. 1845ல் பாரிஸில் சொந்தமாக ஒரு சிறு அரங்கம் திறந்தார். மந்திரவாதி என்றால் நட்சத்திரம் போட்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் என்றிருந்த காலத்தில், விருந்துக்குப் போகும் கனவான் மாதிரி உடுத்திக்கொண்டு மேடையேறியவர். ஹூடினி தன் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டது இவரிடமிருந்துதான்.

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் கொடுத்து மயக்கி வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்துகாட்டினார்கள். சில மாதங்களில் ஐரோப்பா முழுக்க இதே பேச்சு. ராபேர் ஊதேன் இதைப் பிடித்துக்கொண்டார். மேடையில் மூன்று முக்காலிகள். நடு முக்காலியில் அவருடைய சின்ன மகன், கைகளை விரித்து நிற்பான். இரண்டு பக்கமும் நட்டு வைத்த கோல்கள் அவன் கைகளுக்கு முட்டு. பையன் மூக்கில் ஒரு புட்டியைக் காட்டுவார். தலை சாயும். நடு முக்காலியை எடுத்துவிடுவார், பையன் கைகளின் பலத்தில் தொங்குவான். ஒரு பக்கக் கோலையும் எடுத்துவிடுவார். கடைசியில் சுண்டு விரலால் அவனைத் தூக்கிப் படுக்கை வசத்தில் நிறுத்துவார். ஒரு முழங்கை மட்டும் கோலின்மேல். ஈதர் ரொம்பக் கெட்டியாகிவிட்டால் உடம்பு பலூன் மாதிரி லேசாகிவிடும் என்பது அவர் சொன்ன 'அறிவியல்' விளக்கம்.

புட்டியில் ஒன்றுமே இல்லை. மேடைக்குப் பின்னால் ஒருவர் சூடான இரும்புக் கரண்டியில் ஈதரை ஊற்றிக்கொண்டிருப்பார், வாசனை அரங்கம் முழுக்கப் பரவும். கண்ணை ஏமாற்றலாம், மூக்கு ஏமாறாது என்றுதானே நினைப்போம்! குழந்தையின் உடம்பைக் கெடுக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று அவருக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவரே தன் நினைவுக் குறிப்புகளில் சந்தோஷமாக எழுதி வைத்திருக்கிறார்.

பையன் உடைக்குள் இருந்தது இரும்புக் கச்சை. அக்குளுக்குக் கீழே பல்சக்கர மூட்டு. கோல்களில் ஒன்று இரும்பு. மதராஸ் மனிதரின் வித்தைதான், ஒரு மூட்டு மட்டும் கூடுதல், அதனால் உடம்பை உட்கார்ந்த நிலையில் இல்லாமல் படுக்கவும் வைக்க முடிந்தது. மதராஸில் மூச்சை அடக்கிய தவசி, பாரிஸில் ஈதர் மோந்த குழந்தை. கம்பி அதே கம்பி. கதைதான் வேறு.

லண்டனும் அமெரிக்காவும்

1901ல் லண்டன் எகிப்தியன் ஹாலில் ஜான் நெவில் மாஸ்கலின் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். இவரும் கடிகாரத் தொழிலிலிருந்து வந்தவர்தான்! கோலும் இல்லை, முழங்கையும் இல்லை. படுத்திருக்கும் ஆள் அப்படியே மேலே எழும்புவார். சுற்றி ஒரு வளையத்தை ஓட்டிக் காட்டுவார்கள், எதிலும் தட்டாது.

ஆளைத் தாங்குவது உடைக்குள் இருக்கும் இரும்புத் தொட்டில். தொட்டிலை இழுப்பது ஒரு தடித்த கம்பி அல்ல, விசிறி மாதிரி விரிந்த நிறைய மெல்லிய கம்பிகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் பாரம்தான் தாங்குகிறது, அதனால் மெலிதாக இருக்கலாம். மெலிதாக இருப்பதால் இருட்டான பின்திரைக்கு எதிரே கண்ணில் படாது. வளையத்துக்கு என்ன வழி? தாங்கும் இரும்பு நேராகப் போகாமல் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து போகும். வளையம் முதல் முறை போகும்போது அந்த வளைவுக்குள் மாட்டிக்கொள்கிறது. இரண்டாவது முறை அதே வழியில் திரும்ப ஓட்டினால்தான் வெளியே வரும். "நம்பிக்கை இல்லையா, இன்னொரு தடவை காட்டுறேன்" என்று பெருந்தன்மையாகச் செய்வது மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டாவது தடவை கட்டாயம், வேறு வழியே கிடையாது.

அமெரிக்கரான ஹாரி கெல்லர் இதை எப்படியாவது அடைந்துவிடத் துடித்தார். மாஸ்கலினிடம் வேலை பார்த்த பால் வாலடன் என்ற வித்தைக்காரரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1904ல் கெல்லரின் மேடையில் 'கர்னாக் இளவரசி' மிதந்தாள். 1908ல் கெல்லர் ஓய்வு பெற்றபோது இளவரசி ஹவர்ட் தர்ஸ்டனுக்குப் போனாள். கர்னாக் இருப்பது எகிப்தில். ஆனால் மேடைப் பேச்சில் இந்தியாவின் ரகசியம் என்று ஒரு வாசனை சேர்ந்தே வரும். ஈதருக்குப் பதில் இப்போது 'கிழக்கு'.

கதை மாறினால் என்ன ஆகும்?

இதுவரை எல்லாம் வேடிக்கை. எனக்கு உறுத்தியது ராபேர் ஊதேன் வாழ்க்கையில் வரும் இன்னொரு சம்பவம். 1856ல் ஃபிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மராபூத் என்ற மதத் தலைவர்களின் அற்புதங்களுக்கு மக்களிடம் செல்வாக்கு இருந்தது. ஃபிரெஞ்சுக்காரரின் மந்திரம் அதைவிடப் பெரிது என்று காட்ட வேண்டும், கலகம் அடங்க வேண்டும். அவர் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுபோனார். அதன் அடியில் இரும்பு, மேடைக்குக் கீழே மின்காந்தம். பாரிஸில் அது கனமாகவும் லேசாகவும் மாறும் ஒரு விந்தைப் பெட்டி. அல்ஜியர்ஸில் அவர் சொன்னது வேறு: உன் பலத்தை நான் பறிக்கிறேன். பலசாலி ஒருவர் வந்து தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேற்கொண்டு கைப்பிடியில் மின்சாரமும் பாய்ச்சினார்கள். அவர் அலறிக்கொண்டு ஓடினார்.

அதே பெட்டி, அதே மின்காந்தம். டிக்கெட் வாங்கி வந்தவருக்குக் காட்டினால் கலை. அடிமைப்பட்ட ஊரில் காட்டினால் ஆயுதம். வித்தையில் பொய் எங்கே இருக்கிறது என்றால் கம்பியில் இல்லை, கூடச் சொல்லும் கதையில்தான்.

நம் பக்கத்திலும் கதை நின்றுவிடவில்லை. 1936 ஜூன் 6ஆம் தேதியிட்ட 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில், தென்னிந்தியாவில் சுப்பையா புலவர் என்பவர் காற்றில் படுத்திருக்கும் புகைப்படங்கள் வந்தன. எடுத்தவர் பிளங்கெட் என்ற தோட்டத்துரை. முதலில் துணிக் கூடாரம் மறைக்கும், பிறகு விலகும். சுமார் நான்கு நிமிடம் அவர் படுத்த நிலையில் இருந்தார். கை ஒன்று துணி சுற்றிய ஒரு கோலின்மேல். அந்தப் படங்களைத்தான் இன்றும் இணையத்தில் 'யோக சக்திக்கு ஆதாரம்' என்று சுற்றவிடுகிறார்கள். இதுவரை படித்த உங்களுக்கு, முதலில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்: கோலை, பிறகு துணியை.

ப்ளுவா ஊரில் கோட்டைக்கு எதிரே ராபேர் ஊதேன் நினைவாக ஒரு மாய வித்தை அருங்காட்சியகமே இருக்கிறது. மதராஸ்காரருக்கு மிஞ்சியது ஒரு படமும் பிழையாக எழுதிய ஒரு பெயரும்தான். அவரைச் சித்தர் என்று கும்பிடவும் வேண்டாம், ஏமாற்றுக்காரர் என்று திட்டவும் வேண்டாம். ஒரு பைக்குள் அடங்கும் கருவியில் எடைக்கணக்கும் மனசுக்கணக்கும் போட்ட கைவினைஞர் என்று சொன்னால் அதுவே அவருக்குச் சரியான மரியாதை என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். காகிதத்தில் படம் வரைந்தும் அனுப்பினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த மனுஷன் இத்தனை நேரம் ஒரு இரும்புத் துண்டு மேலயா உட்கார்ந்திருந்தாரு? இடுப்பு என்னத்துக்கு ஆகும்! அதுலயும் சிரிச்ச மூஞ்சியா வேற" என்றார்.

பத்து பேருக்கு அனுப்பவில்லை. எனக்கு அதுவே போதும்.