கண்ணுக்குள் ஒரு பாவை

ஆங்கிலத்தில் 'பியூப்பில்' என்னும் சொல் மாணாக்கரையும் குறிக்கும். கண்ணின் நடுவேயுள்ள கரிய வட்டத்தையும் குறிக்கும். வகுப்பறைக்கும் விழிக்கும் என்ன உறவு என்று நாம் வியந்ததுண்டு. விடை இலத்தீனில் இருக்கிறது.

இலத்தீனில் 'பூபா' என்றால் சிறுமி. பொம்மையையும் அச்சொல் குறிக்கும். அதன் குறுமை வடிவமே 'பூபில்லா'. உரோமானியச் சட்டத்தில், தந்தையை இழந்து காப்பாளர் பொறுப்பில் வளரும் பருவமெய்தாச் சிறுமி பூபில்லா, சிறுவன் 'பூபில்லுஸ்'. இப்பொருள் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்திற்குச் சென்று, காலப்போக்கில் ஆசிரியர் பொறுப்பிலுள்ள பிள்ளை என்றாயிற்று. அதே பூபில்லாதான் இலத்தீனில் கண்ணின் கரிய வட்டத்திற்கும் பெயர்.

சிறுமி கண்ணுக்குள் வந்தது எப்படி? ஒருவர் விழியை மிக அருகிருந்து நோக்கினால், அதன் கருமையில் நம் உருவமே பொம்மையளவில் தெரியும். இதனைக் கிரேக்கரும் கண்டனர். அவர்தம் 'கோரே' என்னும் சொல்லும் சிறுமிக்கும் விழிக்கும் பொது. பிளேட்டோவின் பெயரால் வழங்கும் 'அல்கிபியாடீஸ்' உரையாடலில், கண் தன்னைக் காண மற்றொரு கண்ணை நோக்கவேண்டும் என்கிறார் சாக்ரடீஸ். அவ்வாறே ஆன்மா தன்னை அறிய மற்றோர் ஆன்மாவை நோக்கவேண்டும் என்பது அங்கு எழும் கருத்து. கி.பி. 79இல் மறைந்த உரோமானியர் பிளினியோ, தம் 'இயற்கை வரலா'ற்றில், கையில் பிடித்த பறவைகள் மனிதர் கண்ணைக் கொத்த முனைவது அங்குத் தம் உருவைக் கண்டு நாடுவதால்தான் என்று எழுதினார்.

இன்றைய உடற்கூற்றியல்படி அவ்விடத்தில் பொருள் ஏதுமில்லை; அது வெறும் துளை. ஒளிக்கேற்ப ஏறத்தாழ 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை சுருங்கி விரியும். உருவத்தைப் பிரதிபலிப்பது அத்துளையன்று, அதற்கு முன்னுள்ள கார்னியா என்னும் ஒளிபுகு படலம். பின்னிருக்கும் இருளால் உருவம் துலங்குகிறது; அவ்வளவே. பெயர் மட்டும் துளைக்கு நிலைத்துவிட்டது.

இனி நம் மொழிக்கு வருவோம். பொம்மை, பெண், கண்மணி என்னும் மூன்றுக்கும் தமிழில் 'பாவை' என்ற ஒரே சொல் உண்டு. பேச்சு வழக்கிலோ 'கண்ணுப் பாப்பா'. குறளின் 1123ஆம் பாடலில் தலைவன் தன் கருமணியிலுள்ள பாவையையே விலகிப் போகச் சொல்கிறான். தன் காதலிக்கு அங்கே இடம் வேண்டுமாம். ஒரு பாவையை அகற்றி மற்றொரு பாவையைக் குடியேற்றும் இந்நயம், சொல்லின் இருபொருளும் அறிந்தார்க்கே முழுதும் விளங்கும். வடமொழியின் 'கனீனிகா'வும் சிறுமியே. அரபியிலோ அது 'கண்ணின் மனிதன்'.

இத்தனை மொழிகளும் ஒன்றிடம் ஒன்று கடன் பெற்றன என்று கொள்ள வேண்டியதில்லை. தாயின் மடியிலிருந்து அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கும் இக்காட்சி கிட்டும். ஆயினும் நம் மாணாக்கர் பலர் 'பியூப்பில்' என்பதைப் பொருளற்ற ஒலியாக மனனம் செய்கின்றனர். 'பாவை' என்பதை அதன் மொழிபெயர்ப்பு என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இலத்தீன் கண்டதையே தமிழும் தன் கண்ணால் கண்டு பெயரிட்டது. கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது இவ்வொரு செய்தியையும் சேர்த்துச் சொன்னால், சொல்லும் நிலைக்கும். தம் மொழிமீது அவர்க்குள்ள ஐயமும் சிறிது நீங்கும் என்பது நம் துணிபு.