பூம்பாத்தியின் போர்வை

பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, அதில் பூத்தவற்றைத் தொடுத்துக் கச்சி எனப்படும் காஞ்சிக்கு எடுத்துவந்து வரதராஜப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தவர் என்று வைணவ குருபரம்பரை போற்றும் திருக்கச்சி நம்பிகள், 11-ஆம் நூற்றாண்டில் இராமாநுஜருக்கு வழிகாட்டியாக விளங்கியவர். ஆலவட்டம் வீசிய கைங்கரியத்துக்காகவே அவரைப் பெரிதும் நினைவுகூர்கிறோமாயினும், அதற்கு முன்னரே அவர் தோட்டக்காரர் என்பது மறக்கத்தக்கதன்று. கோயில்களின் திருநந்தவனத்துக்கென நிலம் விட்டதையும், அதனைப் பேணுவோருக்கு ஜீவனம் ஏற்படுத்தியதையும் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்கள் பல இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நிலம் விடுவது எளிது. வேண்டிய காலத்தில் பூக்கச் செய்வதே அரிது. வரதராஜர் கருட வாகனத்தில் எழுந்தருளும் பிரம்மோத்ஸவம் வைகாசியில் நடப்பது. அதாவது, பாலாறு வெறும் மணலாய்க் கிடக்க, கத்திரி வெயிலின் உக்கிரம் இன்னும் தணியாதிருக்கும் பருவத்திலேதான் மாலைகளின் தேவையும் உச்சத்தில் நிற்கிறது. காலையில் இறைத்த கிணற்று நீர் மாலைக்குள் ஆவியாய்ப் போய்விடாதபடி, சருகையும் வைக்கோலையும் பாத்தியில் பரப்பி வேர்மண்ணை மூடிவைப்பது சமவெளித் தோட்டக்கலையின் பழைய பாடம். கறையான் ஏறாமலும் தண்டு அழுகாமலும் இருக்க, செடியின் அடியைச் சுற்றிச் சிறிது இடம் விட வேண்டும் என்பது அதன் உபவிதி.

இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் குளிர்மலை ஏறினால் என்ன நேரும் என்பதை உதகமண்டலத்தின் சரித்திரத்தோடு வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்த பின்னர், அங்கே குடியேறிய ஐரோப்பியர் தங்கள் நாட்டுக் காய்கறிகளுக்காகச் சந்தா சேர்த்துத் தொடங்கிய சிறு தோட்டம், லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் பொறுப்பேற்றதும், தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்புள்ள தாவரவியல் பூங்காவாக உருக்கொண்டது. 1896 முதல் அவ்வூரில் மலர்க்காட்சியும் நடைபெறலாயிற்று.

அங்கே தோட்டக்காரனுக்குப் பகை வெயிலன்று. மேகமும் காற்றும் இல்லாத மார்கழி, தை மாதத்து இரவே. பகலில் மண் ஏற்றுக்கொண்ட வெப்பம் தெளிந்த வானத்தை நோக்கி வெளியேறிவிட, கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்க, விடியற்காலையில் புல்லின் நுனியெல்லாம் வெள்ளையாய் உறைந்து நிற்கும். இத்தகைய இரவில் மண்ணிலிருந்து மேலெழும் வெப்பமே செடியின் தளிருக்குக் கிடைக்கும் ஒரே ஆதரவு. பாத்தியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினாலோ, அந்த வெப்பம் மண்ணுக்குள்ளேயே அடைபட்டுப்போக, மேலே நிற்கும் தளிர் முன்னிலும் அதிகமாகக் குளிர்ந்து கருகும். காஞ்சியில் உயிர் காத்த அதே போர்வை உதகையின் பனி இரவில் செடிக்குப் பாதகமாகிறது.

ஆதலால் அங்கே போர்வை செடியின் கீழே அன்றி மேலே அமைய வேண்டியதாயிற்று. உறைபனிக் காலம் நெருங்கும்போது, கோத்தகிரிப் பகுதியில் வளரும் மிலார் செடிகளை வெட்டிக் கொண்டுவந்து, பூங்காவின் மலர்ச்செடிகளைப் பணியாளர்கள் மூடிவைப்பது இன்றளவும் நீடிக்கும் வழக்கம். செடிக்கும் வானத்துக்கும் இடையே நிற்கும் தழை, மண்ணின் வெப்பம் தப்பியோடாமல் தடுக்கிறது. உறைந்த இலைமீது காலை வெயில் திடீரென விழுவதையும் தணிக்கிறது. இதற்கு ஏற்ற பொருள் இலேசாகவும், காற்றுக்கு இடம் விடுவதாகவும் இருத்தல் அவசியம்; நனைந்து படிந்துவிடுவது எதுவாயினும் குளிரை நேரே இலைக்குக் கடத்தும்.

போர்வையின் தன்மையை ஆராய்வதில் மெக்ஐவரும் சாமானியரல்லர். 1860-களில் நீலகிரியில் சிங்கோனா பயிரிடப்பட்டபோது, மரப்பட்டையைக் கீற்றுக்கீற்றாக உரித்தெடுத்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் பொதிந்தால் மரம் மடியாமல் புதுப்பட்டை வளரும் என்பதையும், அப்பட்டையில் கொயினாச் சத்து மிகும் என்பதையும் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவரே.

கனடா போன்ற நாடுகளில் குடியேறிய நம்மவர் பூச்செடி வைக்கும்போது மூன்றாவது நிலை ஒன்றைக் காண்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் மண்ணே உறைந்துவிடுகிறது. உறைந்தும் இளகியும் மாறிமாறி வரும்போது மண் பொங்கி வேரை மேலே தள்ளுவதால், நிலம் உறைந்த பிறகே சருகையோ மரப்பட்டைத் துண்டையோ பரப்பி, வசந்தம் வரும்வரை அதே நிலையில் வைத்திருக்கிறார்கள். காஞ்சியில் ஈரத்தையும், உதகையில் இரவின் வெப்பத்தையும், டொரண்டோவில் உறைவின் நிலைத்தன்மையையும் காப்பதே போர்வையின் தொழில். எந்தப் பொருள் உத்தமம் என்று கடையில் விசாரிப்பதற்கு முன்னால், தம் தோட்டத்தில் காக்கப்பட வேண்டியது இம்மூன்றில் எது என்று நிச்சயித்துக்கொண்டவருக்கு, அப்பொருள் பெரும்பாலும் தம் வேலியோரத்திலேயே, விலையின்றிக் கிடைக்கும்.